டேப்லெட்டில் கேஸ் கட்டு: குறிப்பெழுதுவதிலிருந்து கையொப்பம் வரை வக்கீல்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

உயர் நீதிமன்றம் ஆனாலும் சரி, தாலுகா ஊரின் முன்சீப் நீதிமன்றம் ஆனாலும் சரி, வக்கீல்கள் கையில் டேப்லெட் இருப்பது இப்போது சாதாரணம். இ-ஃபைலிங் வந்த பிறகு கேஸ் கட்டில் பெரும்பகுதி முதலிலேயே பிடிஎஃப் ஆகத்தான் உருவாகிறது. இருந்தும் பலர் டேப்லெட்டைப் படிப்பதற்கு மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். குறிப்பெழுத ஒரு பிரின்ட், கையெழுத்துக்கு இன்னொரு பிரின்ட், பிறகு அதையே ஸ்கேன் செய்து மறுபடியும் பிடிஎஃப். இன்னும் சிலர் எல்லாவற்றையும் திரையிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்து, மையால் போட வேண்டிய கையெழுத்தையும் ஸ்டைலஸால் போட்டுவிடுகிறார்கள். முதல் வகையில் நேரமும் காகிதமும் போகும். இரண்டாவது வகையில் கட்சிக்காரரின் உரிமையே போய்விடலாம்.

அதனால் இந்த வேலைக்கு ஒரு வரிசை வேண்டும். மூலக் கோப்பில் கை வைக்கக் கூடாது. குறிப்புகளை நகலில் மட்டும் எழுத வேண்டும். வெளியே போகும் பிரதியைத் தனியாகச் சுத்தம் செய்து, தட்டையாக்கி, கடைசியில்தான் கையொப்பம் இட வேண்டும். கையொப்பம் விழுந்த பிறகு அந்தக் கோப்பில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த வரிசையில்தான் போகின்றன. உதாரணத்துக்கு, கிரய ஒப்பந்தத்தின் பேரில் ஏற்றதை ஆற்றக் கோரும் (ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்து தரச் சொல்லும்) ஒரு சிவில் வழக்கை எடுத்துக்கொள்கிறேன். ஒப்பந்தம், வில்லங்கச் சான்று, பாங்க் ஸ்டேட்மென்ட், நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்திகள் என்று எல்லா வகைத் தாள்களும் அதில் வந்துவிடும்.

படி 1: கருவி

முதலில் பார்க்க வேண்டியது திரையின் அளவும் வடிவமும். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297 மில்லிமீட்டர். 13 அங்குல ஐபேடில் ஒரு முழுப் பக்கம் அசல் அளவில் பத்தில் ஒன்பது பங்காகத் தெரியும், பெரிதாக்காமலே படிக்கலாம். 11 அங்குல ஐபேடில் முக்கால் பங்கு. அதே 11 அங்குலத்தில் நீளவாக்கில் ஒடுங்கிய ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் பத்தில் ஏழு பங்குதான். முத்திரைத் தாளில் நெருக்கி எழுதிய பழைய பத்திரங்களை அதில் படிப்பது கண்ணுக்குச் சிரமம். சீனியர் ஒருவருக்காக வாங்குவதானால், கனம் கொஞ்சம் கூடினாலும் 13 அங்குலத்தையே நான் சொல்வேன். பஸ்ஸில் தினமும் இரண்டு மூன்று நீதிமன்றங்களுக்கு ஓடும் ஜூனியருக்கு 11 அங்குலம் போதும்.

அடுத்தது பேனா. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ் வரிசையில் எஸ் பென் பெட்டியோடு வந்துவிடுகிறது. எழுதுவதற்கு அதைச் சார்ஜ் செய்ய வேண்டியதில்லை. நாள் முழுக்க கோர்ட்டில் இருப்பவருக்கு இது நல்ல வசதி. ஐபேடுக்குப் பேனாவைத் தனியாக வாங்க வேண்டும். ஆப்பிள் பென்சிலில் பல வகை இருக்கிறது, எல்லாமே எல்லா ஐபேடுக்கும் பொருந்தாது. 2023இல் வந்த யுஎஸ்பி-சி வகை விலை குறைவு, ஆனால் அழுத்தத்தை அது உணராது. அடிக்கோடு போடவும் ஹைலைட் செய்யவும் அதுவே தாராளம். கையெழுத்துக் கோடு தடித்தும் மெலிந்தும் இயல்பாக விழ வேண்டும் என்றால் அழுத்தம் உணரும் வகையை வாங்குங்கள்.

செயலிக்கு நிறையச் செலவு செய்ய வேண்டாம். அக்ரோபாட் ரீடர், எக்ஸோடோ, ஐபேடில் ஃபைல்ஸ் செயலிக்குள்ளேயே இருக்கும் மார்க்கப் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். பெரிய கட்டுகளில் ஒரு சாட்சியத்தை இன்னொரு ஆவணத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்க்க வேண்டியவர்களுக்கு லிக்விட்டெக்ஸ்ட் உதவும். எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் எழுதிய குறிப்பு, வேறு கருவியில் வேறு செயலியில் திறந்தாலும் தெரிகிறதா? தன் சொந்த வடிவத்தில் மட்டும் குறிப்புகளைச் சேமிக்கும் செயலியில் மூன்று வருட வழக்கை ஏற்றிவைத்தால், அந்தச் செயலியை விட்டு வெளியே வருவது கஷ்டம்.

படி 2: மூன்று உறைகள்

வழக்கு ஒன்றுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மூன்று ஃபோல்டர்கள்: மூலம், வேலை, வெளியே. கட்சிக்காரர் தந்ததும், எதிர்த்தரப்பு தாக்கல் செய்ததும், கோர்ட்டிலிருந்து வந்ததும் வந்தபடியே மூலத்துக்குள் போகும். அங்கே பெயரைக்கூட மாற்ற வேண்டாம். அதிலிருந்து ஒரு நகல் எடுத்து வேலைக்குள் வைத்து, அதற்கு ஒழுங்கான பெயர் வையுங்கள். வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் பெயரைத் தொடங்கினால் கோப்புகள் தானாகவே காலவரிசையில் நிற்கும்: 2021-03-15 கிரய ஒப்பந்தம், 2023-08-02 வாதி நோட்டீஸ், 2023-08-19 பதில் நோட்டீஸ். ஏற்றதை ஆற்றும் வழக்கில் காலவரிசைதான் உயிர். காலவரையறைச் சட்டம் 54ஆவது கூற்றின்படி, ஒப்பந்தத்தில் நிறைவேற்றத் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து, குறிக்கவில்லையென்றால் மறுப்பு வாதிக்குத் தெரிந்த நாளிலிருந்து, மூன்று வருடம். ஃபோல்டரைத் திறந்ததுமே அந்தக் கணக்கு கண்ணில் பட வேண்டும்.

கையொப்பமிட்ட, தாக்கல் செய்த, அனுப்பிய பிரதிகள் மட்டும் வெளியே என்ற ஃபோல்டருக்குள் போகும். குமாஸ்தாவிடமும் ஜூனியரிடமும் இந்த மூன்றையும் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சீனியர் ஹைலைட் போட்டு, ஓரத்தில் "இங்கே நம் சாட்சி பலவீனம்" என்று எழுதிய பிரதி எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போய்ச் சேர்ந்தால் அதைத் திரும்ப வாங்க முடியாது.

படி 3: கோப்பைப் பழக்குவது

வரும் பிடிஎஃப்களில் பாதி ஸ்கேன் செய்த படங்கள். அவற்றில் சொல்லைத் தேட முடியாது, வரியைப் பிடித்து ஹைலைட் செய்யவும் முடியாது. அதனால் வேலைப் பிரதியை ஓசிஆர் செய்வது, அதாவது படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றுவது, முதல் காரியம். ஸ்கேன் செய்வது நீங்களே என்றால் 300 டிபிஐ வையுங்கள். அதற்குக் கீழே போனால் முத்திரையும் சிறு எழுத்தும் கலங்கும். அதற்கு மேலே போனால் கோப்பு தேவையில்லாமல் பருக்கும்.

தமிழ் ஆவணங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிடிஎஃப்கள் பார்க்கத் தமிழாக இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது வேறு குறியீடு. "கிரயம்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. காப்பி எடுத்து ஒட்டினால் புரியாத எழுத்துகள் வரும். அப்படிப்பட்ட கோப்பை முதலில் படமாக மாற்றி, பிறகு தமிழ் ஓசிஆர் செய்ய வேண்டும். கையால் எழுதிய மூலப் பத்திரங்களுக்கு ஓசிஆரை நம்ப வேண்டாம். அவற்றில் சர்வே எண், நான்கு எல்லை, விஸ்தீரணம் இருக்கும் இடங்களில் டைப் செய்த சிறு குறிப்பு ஒன்றை நீங்களே வையுங்கள். பிறகு தேடினால் அந்தக் குறிப்பு வழியாகவே பக்கம் கிடைத்துவிடும்.

அப்புறம் பக்க எண். டைப் செட்டில் (கோர்ட்டில் தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பில்) அச்சாகியிருக்கும் பக்க எண்ணும் திரையில் தெரியும் பக்க எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை, ஏனென்றால் முன்னால் இண்டெக்ஸும் முகப்பும் சில பக்கங்களை எடுத்துக்கொள்ளும். நீதிபதி "பக்கம் 47" என்று சொல்லும்போது நீங்கள் 51இல் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. கணினியில் ஒருமுறை உட்கார்ந்து பக்கப் பெயர்களைச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு புக்மார்க் போட்டு அதன் பெயரிலேயே அச்சுப் பக்க எண்ணையும் சேர்த்துவிடுங்கள்: "ஏ3 நோட்டீஸ் ப.47". வாதி தரப்பு ஆவணங்கள் ஏ வரிசையிலும் பிரதிவாதி தரப்பு பி வரிசையிலும் குறியீடு ஆன அன்றைக்கே புக்மார்க் பெயரையும் மாற்றிவிடுவது நல்லது. குறுக்கு விசாரணைக்கு முந்தின இரவு அதைச் செய்ய நேரம் இருக்காது.

படி 4: குறிப்பெழுதுவது

இந்தப் படிக்குத்தான் அதிக யோசனை வேண்டும். எல்லாவற்றையும் மஞ்சளில் ஹைலைட் செய்தால் எதுவுமே ஹைலைட் ஆகாத மாதிரிதான். நிறத்துக்கு ஓர் அர்த்தம் கொடுங்கள், அது அலுவலகம் முழுக்க ஒன்றாக இருக்கட்டும். நான் பரிந்துரைப்பது நான்கே நிறங்கள். நமக்குச் சாதகமானது பச்சை. பாதகமானது சிவப்பு. தேதியும் தொகையும் நீலம். எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டது மஞ்சள். ஒப்புதலுக்குத் தனி நிறம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. எதிருரையில் (பிராதுக்குப் பிரதிவாதி தரும் எழுத்துப் பதிலில்) எந்தப் பாராவைத் திட்டவட்டமாக மறுக்கவில்லை என்பது வாதத்தில் பெரிய ஆயுதம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 8 ரூல் 5 அதைப் பற்றித்தான் பேசுகிறது.

நம் உதாரண வழக்கில் வாதிக்காக ஆஜராகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குறிவாரண சட்டம் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) 1963இன் 16(சி) பிரிவின்படி, வாதி ஒப்பந்தத்தில் தன் பங்கை நிறைவேற்ற எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்பதை நிரூபிக்க வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு பிராதில் அந்தச் சொற்களை எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்திருக்கிறது, ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது. அதனால் பாங்க் ஸ்டேட்மென்டைத் திறந்து, நிறைவேற்றக் கெடுவுக்குள் கணக்கில் எவ்வளவு இருந்தது என்ற வரிகளை நீலத்தில் குறியுங்கள். பணம் போதாமல் இருந்த மாதங்கள் சிவப்பு. சிவப்பு வந்ததும் ஓரத்தில் ஒரு குறிப்பு: "எஃப்டி வேறு பாங்கில் இருந்ததா? கட்சிக்காரரிடம் கேள்." எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் தொடும் இடம் அதுதான்.

ஓரக் குறிப்பைக் கையால் எழுதுவதா, டைப் செய்வதா? இரண்டுக்கும் வேறு வேறு வேலை. யோசனை ஓடும்போது பேனாதான் வேகம். அம்புக்குறி, வட்டம், கேள்விக்குறி எல்லாம் கையில்தான் வரும். ஆனால் ஆறு மாதம் கழித்துத் தேட வேண்டியதை டைப் செய்யுங்கள். ஒவ்வொரு டைப் குறிப்பின் தொடக்கத்திலும் நிலையான ஒரு சொல்: "குறுக்கு", "வாதம்", "கேள்", "முரண்". குறிப்புப் பட்டியலைத் திறந்து "குறுக்கு" என்று தேடினால், சாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பக்க எண்ணோடு வரிசையாக வந்து நிற்கும். குறுக்கு விசாரணைக் கேள்விகளில் பாதி அப்போதே தயார்.

முரண்களைக் குறிக்கும்போது இரண்டு பக்கத்திலும் குறியுங்கள். பதில் நோட்டீசில் "அட்வான்ஸ் வாங்கவே இல்லை" என்றும் எதிருரையில் "வாங்கிய தொகை கடன்தான்" என்றும் எதிர்த்தரப்பு சொல்லியிருந்தால், நோட்டீஸ் பக்கத்தில் எதிருரைப் பாரா எண்ணும், எதிருரையில் நோட்டீஸ் பக்க எண்ணும் இருக்க வேண்டும். திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இது வேகமாக நடக்கும். காகிதக் கட்டில் இந்த வேலையைச் செய்தவர்களுக்கு, டேப்லெட் அதிகம் உதவுவது இங்கேதான் என்று உடனே தெரியும்.

படி 5: மறைக்க வேண்டியதை மறைப்பது

ஆதார் நகல் இணைத்தால் முதல் எட்டு எண்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் விடுங்கள். வழக்குக்குத் தேவைப்படாத பாங்க் கணக்கு விவரம், குழந்தைகளின் விவரம் எல்லாமே மறைக்க வேண்டியவைதான். பாலியல் குற்ற வழக்குகளில் இது கடமை: பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆவது பிரிவின்படி குற்றம், போக்ஸோ சட்டத்திலும் அதற்குத் தடை உண்டு.

மறைக்கும் விதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிடிஎஃப்பில் குறிப்பு என்பது பக்கத்தின் மேல் தனியாக மிதக்கும் பொருள். கறுப்புப் பெட்டி ஒன்றை எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து கண்ணுக்கு மறையும், கோப்புக்குள் அப்படியே இருக்கும். அமெரிக்காவில் டிரம்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மனாஃபோர்ட்டின் வக்கீல்கள் 2019 ஜனவரியில் தாக்கல் செய்த ஆவணத்தில் கறுப்புப் பட்டைகளுக்குக் கீழே இருந்த எழுத்தை நிருபர்கள் காப்பி எடுத்து ஒட்டியே படித்துவிட்டார்கள். கணினியில் அக்ரோபாட்டின் கட்டணப் பதிப்பில் இருக்கும் ரெடாக்ட் வசதி போல, எழுத்தையே நீக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் மறைத்த பக்கத்தை அச்சிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பழைய வழி என்றாலும் பாதுகாப்பானது. எப்படிச் செய்தாலும், அனுப்புவதற்கு முன் மறைத்த இடத்தில் விரலை வைத்து எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். மறைத்த பெயரைத் தேடியும் பாருங்கள்.

படி 6: தட்டையாக்குவது

வரைவு ஒன்றில் கட்சிக்காரரும் நீங்களும் திருத்தம் எழுதி, எல்லாம் முடிந்து, கையொப்பத்துக்குத் தயாரான பிரதியைத் தட்டையாக்க வேண்டும். செயலிகளில் இது ஃப்ளாட்டன் என்ற பெயரில் இருக்கும். இல்லாவிட்டால் பிரின்ட் போய், பிரின்டருக்குப் பதில் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். இதன் பிறகு மிதந்துகொண்டிருந்தவை எல்லாம் பக்கத்தோடு ஒட்டிவிடும், யாரும் தட்டி நகர்த்த முடியாது. முன்னதாக உள் குறிப்புகளை எல்லாம் நீக்கியாயிற்றா என்று குறிப்புப் பட்டியலைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே டிஜிட்டல் கையொப்பம் உள்ள கோப்பை மட்டும் தட்டையாக்கவே கூடாது. அச்சிட்டுச் சேமித்தால் கையொப்பத்தின் படம் மட்டும் மிஞ்சும், கையொப்பம் போய்விடும்.

படி 7: எதில் எந்தக் கையெழுத்து

திரையில் வரையும் கையெழுத்தும் மின்னணுக் கையொப்பமும் ஒன்றல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, இரண்டு வகைகளை அங்கீகரிக்கிறது. 3ஆவது பிரிவில் டிஜிட்டல் கையொப்பம்: நாம் டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) என்று சொல்வது. 3ஏ பிரிவில் மின்னணுக் கையொப்பம்: ஆதார் வழி இ-சைன் இதில் வரும். ஸ்டைலஸால் வரைந்த கோடு இந்த இரண்டிலும் சேராது. அதற்கு மதிப்பே இல்லை என்று அர்த்தம் இல்லை. மின்னணு வழியில் உருவானது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று அதே சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் "இது என் கையெழுத்து இல்லை" என்று ஒருவர் மறுத்தால், வரைந்த கோட்டை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான்.

ஆகவே தாள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டண ஒப்புதல் கடிதம், வரைவுக்குக் கட்சிக்காரர் தரும் சம்மதம், ஆவணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீது ஆகியவற்றுக்கு ஸ்டைலஸ் கையெழுத்து போதும். வணிக ஒப்பந்தம், ரகசியக் காப்பு ஒப்பந்தம், இ-ஃபைலிங்கில் வக்கீலின் ஒப்பம் ஆகியவற்றுக்கு இ-சைன் அல்லது டிஎஸ்சி.

உயிலும் டிரஸ்ட் பத்திரமும் மையால்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை இவற்றை மின்னணுக் கையொப்பத்திலிருந்து வெளியே வைத்திருக்கிறது. உயிலுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63ஆவது பிரிவுப்படி இரண்டு சாட்சிகளும் வேண்டும். பவர் பத்திரமும் புரோநோட்டும் அதே அட்டவணையில்தான் இருக்கின்றன. 2022இல் வந்த திருத்தம், ரிசர்வ் வங்கி, செபி போன்றவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குச் சாதகமாக எழுதுபவற்றுக்குத்தான் விலக்குத் தந்தது. அண்ணன் தம்பிக்கு எழுதும் பவருக்கு அது பொருந்தாது. அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தத்தை அந்தத் திருத்தம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது உண்மை. அதை வைத்துக் கிரயப் பத்திரத்தையே டேப்லெட்டில் முடித்துவிடலாம் என்று கட்சிக்காரருக்குச் சொல்லாதீர்கள். 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம் இருக்கிறது, சார் பதிவாளர் அலுவலகம் போயே ஆக வேண்டும்.

வக்காலத்தும் பிரமாண வாக்குமூலமும் கட்சிக்காரரின் நேரடிக் கையெழுத்தோடு இருக்கட்டும். வாக்குமூலத்தின் சாரமே, சான்றளிப்பவர் முன்னிலையில் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திடுவதுதான். காகிதத்தில் வாங்கி, ஸ்கேன் செய்து பதிவேற்றி, மை இருக்கும் அசலை பீரோவில் பத்திரமாக வையுங்கள். கோர்ட் எப்போது கேட்டாலும் காட்ட வேண்டியிருக்கும்.

முத்திரைத் தீர்வையையும் மறந்துவிடக் கூடாது. திரையில் கையெழுத்தானது என்பதால் தீர்வை போகாது. இந்திய முத்திரைச் சட்டம் 17ஆவது பிரிவு, கையெழுத்தாகும் முன்போ ஆகும்போதோ முத்திரை இருக்க வேண்டும் என்கிறது. இ-ஸ்டாம்ப் வாங்கி, அதை முதல் பக்கமாகச் சேர்த்து, ஒரே கோப்பாக்கிய பிறகுதான் கையொப்பம். பிறகு சேர்த்தால் கையொப்பம் உடையும். சேர்க்காமலே விட்டால் 35ஆவது பிரிவு வந்து சாட்சியத்தில் ஏற்கவிடாது.

படி 8: கையொப்பம் இடுவது

கட்சிக்காரர் உங்கள் டேப்லெட்டில் ஸ்டைலஸால் கையெழுத்திடுகிறார் என்றால், முதலில் ஆவணத்தை முழுக்கப் படிக்க விடுங்கள். திரையில் படிக்கத் தயங்குபவருக்கு, குறிப்பாகப் பெரியவர்களுக்கு, அச்சுப் பிரதியைக் கையில் கொடுங்கள். "ஐயா, நிதானமா படிச்சுட்டுச் சொல்லுங்க" என்று நேரம் கொடுங்கள். படிக்கத் தெரியாதவரானால் வாசித்து விளக்கி, காகிதத்தில் கைரேகை வாங்குவதுதான் முறை. டேப்லெட்டை நீட்டும் முன், ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின் வசதியைப் போட்டுவிட்டால், அந்த ஓர் ஆவணத்தைத் தவிர மற்ற வழக்குகள் எதுவும் அவர் கண்ணில் படாது. சில செயலிகள் வரைந்த கையெழுத்தை அடுத்த முறைக்காகச் சேமித்துக்கொள்ளும். கட்சிக்காரரின் கையெழுத்து அப்படித் தங்கியிருந்தால் உடனே அழித்துவிடுங்கள்.

இ-சைன் இப்படி நடக்கும். சேவை நிறுவனத்தின் தளத்திலோ இ-ஃபைலிங் தளத்திலோ தட்டையாக்கிய பிடிஎஃப்பை ஏற்றி, கையொப்பம் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் விழ வேண்டும் என்று குறிக்க வேண்டும். பிறகு சம்மதம் கொடுத்து, ஆதார் எண்ணையோ அதற்குப் பதிலான 16 இலக்க மெய்நிகர் எண்ணையோ தர வேண்டும். மெய்நிகர் எண்ணே நல்லது. ஆதாரில் பதிவான மொபைலுக்கு ஓடிபி வரும். கட்சிக்காரர்கள் பலரின் பழைய நம்பர்தான் ஆதாரில் இருக்கும், அதனால் வரச் சொல்லும்போதே நம்பரைச் சரிபார்த்துவரச் சொல்லுங்கள். ஓடிபி போட்டதும் அந்த ஒரு கையொப்பத்துக்கென்றே ஒரு சான்றிதழ் உருவாகி, கோப்பில் பதிந்துவிடும். கோப்பை இறக்கி நேராக வெளியே ஃபோல்டருக்குள் வையுங்கள்.

டிஎஸ்சி யுஎஸ்பி டோக்கனில் வருவது. 2021 ஜனவரி முதல் மூன்றாம் வகுப்புச் சான்றிதழ்தான் கிடைக்கிறது. டோக்கனுக்கான மென்பொருள் பெரும்பாலும் கணினிக்குத்தான் என்பதால், டேப்லெட்டில் தயாரித்து, கடைசிப் படியைக் கணினியில் முடிப்பதே நடைமுறை. டோக்கனையும் பின் எண்ணையும் சேர்த்துக் குமாஸ்தாவிடம் கொடுத்து வைக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அந்த டோக்கனில் விழும் ஒவ்வொரு கையொப்பமும் சட்டத்தின் கண்ணில் உங்கள் கையொப்பம்.

கையொப்பமான கோப்பை அக்ரோபாட்டில் திறந்தால் கேள்விக்குறியோடு "சரிபார்க்கவில்லை" என்ற பொருளில் ஒரு செய்தி வரலாம். பதற வேண்டாம். இந்தியச் சான்றளிப்பு அதிகாரியின் மூலச் சான்றிதழை அந்தக் கணினி இன்னும் நம்பவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். நம்பகப் பட்டியலில் சேர்த்து மறுபடி சரிபார்த்தால் பச்சைக் குறி வரும். அனுப்பும்போது மின்னஞ்சலில் இணையுங்கள்; வாட்ஸ்அப் என்றால் டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அது வெறும் படம்.

படி 9: சாட்சியமாகும் கோப்புகள்

நம் வழக்கில் பிரதிவாதி அனுப்பிய வாட்ஸ்அப் ஆடியோ ஒன்றும், பிடிஎஃப் ரசீது ஒன்றும் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆவது பிரிவின்படி, இவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. புதிய சட்டத்தின் அட்டவணையில் இரண்டு பகுதி உண்டு: ஏ பகுதியைக் கருவியைக் கையாள்பவர் தர வேண்டும், பி பகுதியை நிபுணர் தர வேண்டும். இரண்டிலும் கோப்பின் ஹேஷ் மதிப்பை (கோப்புக்குக் கைரேகை போன்ற ஓர் அடையாளத்தை) குறிக்க வேண்டும்.

மூலத்தைத் தொடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இந்த ஹேஷ்தான். எஸ்ஹெச்ஏ-256 முறையில் ஒரு கோப்புக்கு 64 எழுத்துகள் கொண்ட ஒரு மதிப்பு வரும். கோப்பில் ஒரே ஒரு ஹைலைட் போட்டுச் சேமித்தாலும் அந்த மதிப்பு முழுக்க மாறிவிடும். கோப்பு கைக்கு வந்த அன்றைக்கே, திறப்பதற்கு முன், ஹேஷை எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். விண்டோஸில் இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையே போதும். ஆடியோ இருந்த போனை மாற்ற வேண்டாம், ஃபார்மேட் செய்ய வேண்டாம் என்று கட்சிக்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

படி 10: கோர்ட் ஹாலுக்குள்

உள்ளே நுழையும் முன் அன்றைய வழக்குகளின் கோப்புகளை டேப்லெட்டில் இறக்கி, ஃப்ளைட் மோடில் போட்டு, எல்லாம் திறக்கிறதா என்று பாருங்கள். ஹாலுக்குள் சிக்னலை நம்பி வாதாடப் போகக் கூடாது. சில குறிப்புச் செயலிகள் எழுதும்போதே ஒலியையும் பதிவு செய்யும்; அவற்றின் மைக் அனுமதியை செட்டிங்ஸில் நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் நடவடிக்கைகளைப் பதிவு செய்வது சின்ன விஷயம் இல்லை.

காணொலி விசாரணையில் திரையைப் பகிரும்போது, பகிர்வது வெளியே பிரதியைத்தான், வேலைப் பிரதியை அல்ல. நோட்டிஃபிகேஷன்களை அணைத்த பிறகு பகிருங்கள். சாட்சிக்கு ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்றால், உங்கள் நிறங்களும் குறிப்புகளும் உள்ள டேப்லெட்டை நீட்டாமல், சுத்தமான பிரதியைக் காட்டுங்கள்.

படி 11: பூட்டு

கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வதைச் சாக்ஷ்ய அதினியம் 132ஆவது பிரிவு காக்கிறது. அதைக் காக்க வேண்டிய முதல் ஆள் நாம்தான். ஆறு இலக்கத்துக்குக் குறையாத பாஸ்கோட், ஒரு நிமிடத்தில் தானாக விழும் பூட்டு, தொலைந்தால் தூரத்திலிருந்தே அழிக்கும் வசதி ஆகிய மூன்றையும் டேப்லெட் வாங்கிய அன்றைக்கே போட்டுவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் விளையாடும் டேப்லெட்டும் கேஸ் கட்டு உள்ள டேப்லெட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலவச ஓசிஆர் தளங்களிலும் பிடிஎஃப் இணைக்கும் தளங்களிலும் வழக்குத் தாள்களை ஏற்ற வேண்டாம். அந்த வேலை கருவிக்குள்ளேயே நடக்கட்டும். வாரம் ஒருமுறை மூன்று ஃபோல்டர்களையும் அலுவலகத்தில் உள்ள, குறியாக்கம் செய்த ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள்.

டேப்லெட் தொலைந்துவிட்டால் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். முதலில் தூரத்திலிருந்து பூட்டுங்கள். கிடைக்காது என்று தெரிந்ததும் அழித்துவிடுங்கள். மின்னஞ்சல், கிளவுட், இ-ஃபைலிங் கடவுச்சொற்களை அன்றைக்கே மாற்றுங்கள். பிறகு போலீசில் புகார் கொடுத்துவிட்டு, எந்தெந்தக் கட்சிக்காரர்களின் தாள்கள் அதில் இருந்தனவோ அவர்களுக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள்.